மடக்கு மேசையின் வயசு

இடத்தை மிச்சம் பிடிப்பதற்கென்றே செய்த சாமான்களைக் கொண்டு ஒரு வீட்டில் இடமே இல்லாமல் ஆக்கிவிட முடியும். நான் ஆக்கியிருக்கிறேன். பாலக்காட்டு எல்லையில் பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் போன கோடையில் மடக்குக் கட்டில்கள் இருந்தன, மடக்கு நாற்காலிகள் இருந்தன, சுவரில் மாட்டி ஏற்றி இறக்கும் எழுத்துப் பலகை இருந்தது, காலை உள்ளே இழுத்துக்கொள்ளும் பெஞ்சு இருந்தது. உட்கார மட்டும் இடமில்லை. மடக்கிய நாற்காலியில் உட்கார முடியாது, விரித்தால் கதவு திறக்காது. வீட்டுக்கு வருகிறவர்களை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் நாற்காலிகளின் பெருமையை நின்றபடி சொல்லிக்கொண்டிருப்பேன்.

எல்லாம் தேங்காயால் வந்தது. பீர்மேட்டில் ஹோட்டல்களுக்குத் தேங்காய் போடும் ஒரு மொத்த வியாபாரிக்கு எங்கள் தோப்புக் காயை என் பிக்கப் வண்டியில் நானே கொண்டுபோய் இறக்குவேன். மலையேறி இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி காலி. தோட்டக்காரனுக்குக் காலி வண்டி ஓட்டுவது பல்லில் நார் சிக்கிய மாதிரி உறுத்தும். டீசலைப் போட்டுக் காற்றையா ஏற்றி வருவது? அந்த நேரம் பார்த்து அங்கே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பெரிய அலமாரிக்கும் பெரிய கட்டிலுக்கும் ஆள் அடித்துக்கொண்டு நின்றது. மடக்குச் சாமான்களை ஒருவரும் சீந்தவில்லை. என் வண்டியில் அவை எத்தனை வேண்டுமானாலும் ஏறின. அதுதான் அவற்றின் குணம். வாங்குகிற இடத்தில் அடக்க ஒடுக்கமாக நிற்கும். நம் வீட்டுக்கு வந்த பிறகுதான் கை காலை நீட்டும்.

வாங்கி முடித்த பிறகு வயசு கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். மனைவியிடம் 'பழைய சாமான் வாங்கினேன்' என்று சொல்வதற்கும் 'வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் வாங்கினேன்' என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கும் என்று நம்பினேன். அவள் முகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் அதற்குள் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நான் நிபுணனாகிவிட்டிருந்தேன். ஸ்க்ரூவின் தலையில் இருக்கும் கோடு நட்டநடுவில் ஓடாமல் கொஞ்சம் ஒதுங்கி ஓடினால் அது கையால் அறுத்தது, பழசு. தலையில் நட்சத்திரம் மாதிரிக் குழி இருந்தால் பிற்பாடு வந்தது. பலகையின் ஓரம் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மேலே மைக்கா ஒட்டியிருந்தால் அது நம்மோடு பள்ளிக்கூடம் போன சாமான். தென்னையில் வண்டு விழுந்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்க ஆள் கூப்பிடச் சொன்னால் 'நாளைக்குப் பாக்கலாம்' என்கிற நான், ஒரு கீலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன்.

அந்தக் கூட்டத்துக்கே ராஜா ஒரு மேசை. நடுவில் குறுகலாக ஒரு பலகை, இரண்டு பக்கமும் தொங்கும் இறக்கைகள். இறக்கையைத் தூக்கிவிட்டு, அடியில் கதவு மாதிரித் திறந்து வரும் காலை இழுத்துத் தாங்கக் கொடுத்தால் வட்ட மேசை. காலை உள்ளே தள்ளினால் ஒரு முழ அகலத்துக்கு ஒடுங்கி, சுவரோரமாகப் போய் நின்றுகொள்ளும். அது வெள்ளைக்காரத் துரை சீட்டாடிய மேசை என்பது என் கட்சி. எதிர்க்கட்சி யாரும் இல்லாததால் கட்சி நன்றாக வளர்ந்தது.

மே மாதம் எதிர்க்கட்சி வந்தது.

"ஏனுங்க, யூனிபார்ம் ஆர்டரு கெடைக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள் மனைவி. பல வருஷமாக உள்ளறையில் ஒரே ஒரு மெஷினைப் போட்டு ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறவள். "டீச்சரம்மா சொல்லியுட்டாங்க. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள பூராத்தையும் தெச்சுக் குடுக்கோணும். பக்கத்துத் தோட்டத்துப் புள்ளைங்க ரெண்டு பேரு மெசினோட வர்றேங்கறாங்க."

"நல்லதுதானே."

"நல்லதுதானுங்க. மெசின எங்க போடறது, உங்க கட்டலு மேலயா?"

நான் முன்னறையைப் பார்த்தேன். முன்னறை என்னைப் பார்த்தது.

"திங்கக்கெழம டீச்சரம்மா வந்து எடத்தப் பாக்கறாங்க. எடமிருந்தா நமக்கு. இல்லீன்னா சித்தூர்க் கடைக்குப் போயிருமுங்க. நான் இத்தன வருசத்துல கேட்டு வாங்குன மொத ஆர்டருங்க இது."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு விஷயத்தைக் கிணற்றில் தள்ளியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் உள்ளே இறங்கிவிட்டது.

சாமான்களைத் தேங்காய் ரூமுக்கு மாற்றலாம் என்றால் அங்கே காய் கழுத்துவரை கிடந்தது. மழைக்கு முன்னால் வெளியே போட்டால் கறையான் விருந்து. அப்போதுதான் பீர்மேட்டில் காய் இறக்கப் போகையில் பழக்கமான ஒரு தம்பி ஞாபகத்துக்கு வந்தார். அப்பா அம்மா இருவரும் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்கள். இவர் ஜீப் ஓட்டி, டூரிஸ்டுக்கு வழிகாட்டி, இப்போது பழைய ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்துகிறார். மேசையின் போட்டோவை என் போனில் பார்த்த நாளிலிருந்து அதன்மேல் ஒரு கண். போன் போட்டேன்.

"அண்ணே, நம்ம கெஸ்ட்டுக்கெல்லாம் பழசுன்னா உசுரு" என்றார். "ரூமு தீப்பெட்டி கணக்கா இருக்கு. மடக்கி வைக்கிற சாமானாவும் இருக்கணும், தொர காலத்துதாவும் இருக்கணும். மேச அந்தக் காலத்துதுன்னு நீங்க ஒறப்பாக் காட்டிட்டா, கெடக்கிற மத்ததையும் சேத்து அள்ளிட்டுப் போயிருதேன். இல்லன்னா ஒண்ணும் வேண்டாம்ணே. வண்டிய வாடகைக்குப் புடிச்சு வெறகு ஏத்துன கதையாயிரும்."

சனிக்கிழமை வருவதாகப் பேச்சு. மனைவியிடம் சொன்னேன். மேசைக்கு வயசு இருந்தால் அறை காலி, அறை காலியானால் ஆர்டர். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக என் நிபுணத்துவம் அவளுக்குத் தேவைப்பட்டது. "நல்லாப் பாத்து வெச்சுக்குங்க" என்று சொல்லி மத்தியானம் எனக்கு ஒரு கரண்டி நெய் அதிகமாக விட்டாள். கல்யாணமான புதிதில் பார்த்த நெய்.

ஆகவே அந்த இரண்டு மூன்று நாளும் மேசைக்கு அடியில்தான் குடித்தனம். ஸ்க்ரூக்கள் பாதி பழசு, பாதி புதுசு, இரண்டில் நட்சத்திரம். பரவாயில்லை, யாரோ மாற்றியிருப்பார்கள். இறக்கையின் அடியில், கால் வந்து போய் உரசிய இடத்தில் வில் மாதிரி ஒரு கீறல் நன்றாகப் பள்ளமாகியிருந்தது. அது நல்லது. இருந்தாலும் ஆணி அடித்தாற்போல் ஒரு சாட்சி வேண்டும். அது மேசையின் முகப்பிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

முகப்புப் பலகையின் நடுவில் ஒரு பொட்டு. சந்தனமும் குங்குமமும். ஓரத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டி லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடுக்குகள். மஞ்சள், சிவப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு, நடுநடுவே எண்ணெய்ப் பிசுக்கு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கும் அரிவாளிலிருந்து டிராக்டர்வரை பொட்டு வைப்பது நம் வழக்கம். துரை இருந்த காலத்தில் பங்களா மேசைக்கு யார் பொட்டு வைத்திருப்பார்கள்? துரை போய், நம் ஆட்கள் மேனேஜராக வந்த பிறகுதான் வைத்திருப்பார்கள். ஆகவே ஒரு அடுக்கு, ஒரு வருஷம். அடுக்கை எண்ணினால் நம் ஆட்களின் காலம் கிடைக்கும். அதற்கு அடியில் இருக்கும் பாலிஷ் துரையின் காலம். மரத்தை அறுத்து வளையம் எண்ணுகிறவர்களெல்லாம் என் முன்னால் எம்மாத்திரம்?

எண்ணினேன். அடுக்கு வந்துகொண்டே இருந்தது. கூட்டிப் பார்த்தால் அந்த மலையில் தேயிலைச் செடி வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த மேசை தேயிலைத் தோட்டத்துக்கு வந்து செடிக்காகக் காத்திருந்திருக்கிறது. இதற்கெல்லாம் அசருகிறவன் நிபுணன் அல்ல. விஷுவுக்கும் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள் என்று பாதியாக வகுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தம்பி வந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. மனைவி இளநீர் வெட்டிக் கொடுத்தாள். பிறகு அவரும் பக்கவாட்டில் திரும்பி முன்னறைக்குள் நுழைந்தார். மனைவி கழுத்தில் இஞ்ச் டேப்போடு கதவோரம் நின்றுகொண்டாள்.

"இந்த ஸ்க்ரூவப் பாருங்க தம்பி, கையில அறுத்த கோடு."

"அதுக்குப் பக்கத்துல இருக்கிறது ஸ்டார் ஸ்க்ரூல்லாண்ணே?"

"அது மாத்துனது."

"யாரு மாத்துனா?"

"அது தெரியாது."

"எப்ப மாத்துனது?"

"ஸ்டார் ஸ்க்ரூ வந்ததுக்கப்பறம்."

தம்பி தலையை ஆட்டினார். அது ஒப்புக்கொண்ட தலையாட்டல் இல்லை. இறக்கையைத் தூக்கிக் கீறலைக் காட்டப் போனேன். என் அவசரத்தில் அவர் விரல் கீலில் நசுங்கியது. "ஒண்ணுமில்லண்ணே" என்று விரலை உதறினார். நேரத்தை வீணாக்காமல் பொட்டுக்கு வந்தேன். லென்ஸை அவர் கையில் கொடுத்து, துரை காலம், மேனேஜர் காலம், அடுக்குக் கணக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். இவ்வளவு தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை. மகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தபோதுகூட.

தம்பி லென்ஸை இறக்கினார். "தொர இருக்கும்போதே பங்களாவுல பூஜ உண்டுண்ணே. சமையக்காரரு தொரயோட தொப்பிய மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருவாராம். எங்கப்பா கத கதயாச் சொல்லுவாரு. லீவு குடுத்து, சுண்டலும் வாங்கித் தின்னுட்டுத்தான் தொர தூங்கப் போவாராம்."

"அது சில பங்களாவுல இருக்கும்" என்றேன். நிபுணனின் கடைசிப் புகலிடம் 'சில'.

அப்போது கதவோரத்திலிருந்து, "அந்தப் பொட்டு நான் வெச்சதுங்க" என்று கேட்டது.

திரும்பினேன்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெக்கறனுங்க, மூணு வருசத்துக்கு முன்னால அது ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து."

"எதுக்கு?"

"மெசினுக்கு வெக்கறேன், வாசல் நெலவுக்கு வெக்கறேன், கெரைண்டருக்கு வெக்கறேன். இத மட்டும் உட்டா மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கற மாதிரி இருந்துதுங்க. நீங்க பாத்ததில்லீங்களா?"

நான் பார்த்ததில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் முதுகுக்குப் பின்னால் உருவான சரித்திரத்தை நான் பாதியாக வகுத்து வேறு வைத்திருந்தேன். தம்பி சிரிப்பை அடக்குவதற்காக ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து, அதைப் பரிசோதிப்பது மாதிரி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

மனைவி சிரிக்கவில்லை. பொட்டு விஷயத்தைச் சொன்னதும்தான் அவளுக்கு உறைத்திருக்கும்; சாட்சியைக் கலைத்தது அவளே, போவது அவளுடைய அறை. டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த டேப்பைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு வித்தை ஞாபகம் வந்தது.

"அதக் குடு" என்றேன்.

இது நிஜமான வித்தை, என் சொந்தச் சரக்கு இல்லை. மரம் காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சுருங்காது. ரேகை ஓடுகிற நீளத்தில் அநேகமாக அப்படியே நிற்கும், ரேகைக்குக் குறுக்கே ஒடுங்கும். அதனால் வட்டமாகச் செய்த மேசை பல காலம் கழித்து வட்டமாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முட்டையாகிவிடும். நேற்றுச் செய்த மேசை வட்டமாகவே இருக்கும்.

நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வாசலுக்குக் கடத்தி, இரண்டு இறக்கையையும் தூக்கி, கால்களை இழுத்து நிறுத்தினோம். அந்த அறையில் அந்த மேசை முழுசாக விரிந்தது அன்றைக்குத்தான். ஒரு நுனியை மனைவி பிடித்தாள், மறு நுனியைத் தம்பி பிடித்தார். முதலில் ரேகையோடு, பிறகு ரேகைக்குக் குறுக்கே. நான் குனிந்து படித்தேன். நம்பாமல் தம்பியும் குனிந்து படித்தார். குறுக்கே அரை விரல்கடை குறைவு.

"முட்டைதாண்ணே" என்றார் தம்பி. குரலில் மரியாதை வந்திருந்தது. "கீறலு பொய் சொல்லலாம், ஸ்க்ரூவு பொய் சொல்லலாம், இது ஏமாத்த முடியாது. மேச பழசுதான். ஏத்திருவோம்."

நான் நிமிர்ந்தேன். பாராட்டை வாங்கிக்கொள்ள மனைவி பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டேப்பை மறுபடி மேசைமேல் விரித்து, வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் பலகையில் ஊன்றி, உடம்பு பாரத்தை முழுக்கப் போட்டு அழுத்தினாள். மேசை அசையவில்லை. இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது.

"தம்பி, இந்த மேச குடுக்கறதா இல்லீங்க" என்றாள்.

தம்பி நிமிர்ந்தார். "மதினி, மேசைக்காகத்தான் மலையெறங்கி வந்திருக்கேன்."

"தெரியுமுங்க. ரெட்ட அகலத் துணிய அப்படியே விரிச்சு வெட்டலாம் தம்பி இதுல. நான் இத்தன நாளா தரையில விரிச்சு, முட்டி போட்டு வெட்டிட்டிருக்கறேன். எந்திரிக்கறப்ப ரெண்டு பேரு தூக்கியுட வேண்டியிருக்குது."

அந்த இரண்டு பேரில் நான் ஒருவன் இல்லை. மேசைக்கு அடியில் இருந்திருப்பேன்.

"உங்க ரூம்ல இத யாரு மடக்குவாங்க, சொல்லுங்க" என்று அவள் தொடர்ந்தாள். "கெஸ்ட்டா மடக்குவாங்க? இவரு தூக்குனதுக்கே உங்க வெரலு போச்சு. டூரிஸ்டு வெரலு போனா உங்களச் சும்மா உடுவாங்களா?"

தம்பி வீங்கிய விரலைப் பார்த்தார். பெரிய வக்கீலெல்லாம் இப்படி ஒரு ஆதாரத்தை எதிர்த்தரப்பின் கையிலேயே கொடுத்து வாதாடியிருக்க மாட்டார்கள்.

"நாக்காலி கொண்டுட்டுப் போங்க. கட்டலு கொண்டுட்டுப் போங்க. போட்டோ எடுக்கற கெஸ்ட்டுங்க உக்காந்து எடுப்பாங்களா, மேசையக் கட்டிப் புடிச்சுட்டு எடுப்பாங்களா?"

தம்பி வாசலுக்கு வந்து அங்கே குவிந்து கிடந்ததைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மடக்குக் கட்டிலை விரித்து உட்கார்ந்தார். அது கொஞ்சம் முனகிவிட்டுத் தாங்கிக்கொண்டது. "அண்ணே, இது எந்தக் காலம்?"

மனைவி என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமை டீச்சரம்மா வரப்போவது, சித்தூர்க் கடை, பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள், எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. 'தொர காலம்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கட்டிலுக்கு அடியில் நான் படுக்காத நாளில்லை. மூலையெல்லாம் வெல்டிங். எனக்கும் பல குறை உண்டு. ஆனால் அரைகுறையாக ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டவனுக்கு, அதைக் காட்டாமல் இருக்க மட்டும் தெரியாது.

"தொரையெல்லாம் பாத்ததில்ல இது. வெல்டிங் வெச்ச கட்டலுங்க. நம்ம காலந்தான்" என்றேன்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

தம்பி கட்டிலில் உட்கார்ந்தபடியே யோசித்தார். "நம்ம காலம்னா, நாம பொறந்த காலமா?"

"ஏறக்குறைய."

"அப்ப அதுவும் பழசுதாண்ணே" என்றார். "போன வாரம் ஒரு காலேஜ் செட்டு வந்திச்சு. எங்கிட்டயே கேக்குதுங்க, அங்கிள், கரண்டு வர்றதுக்கு முந்தி இங்க எப்பிடி இருந்தீங்கன்னு. தொர கல்லறையில இருந்து எந்திரிச்சா வரப்போறாரு? நாமளே போதும்." எழுந்து கட்டிலை மடக்கினார். "பொய் சொல்லாமச் சொன்னீங்கள்ல, அது போதும். மேச தவுர மத்தத எல்லாம் ஏத்துங்க."

ஏற்றினோம். சுவரில் மாட்டும் எழுத்துப் பலகையை மட்டும் அவரும் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குச் சுவர் வேண்டும், தன்னுடைய குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடித்தால் ஆணியோடு சுவரும் வரும் என்றார். வாடகை வண்டி கிளம்பும்போது மனைவி ஒரு சாக்குத் தேங்காயைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். விரலுக்காக என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் மெஷின்களைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டார்கள். மேசை நடுவில் விரிந்து நின்றது, அதன்மேல் நீலத் துணி. டீச்சரம்மா மலையாளக்காரர், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார், மேசையின் ஓரத்தைக் கையால் தடவினார்.

"நல்ல மேசையாணல்லோ. பழையதோ?"

இதற்காகவே கதவோரம் காத்திருந்த நான் தொண்டையைச் செருமினேன். ஸ்க்ரூ, கீறல், முட்டை எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன.

"துணி வெட்டற மேசைங்க டீச்சரம்மா" என்றாள் மனைவி. "அளவெல்லாம் எப்பத் தர்றீங்க?"

டீச்சரம்மா பையைத் திறந்தார். நான் போய் எல்லாருக்கும் டீ போட்டேன்.